மூன்றாம் திரிபு மக்கர் செய்யும்போது: பழங்கிரேக்கப் பெயர்ச்சொற்களை அறிகுறி பார்த்துச் சரிசெய்வது

பழங்கிரேக்கம் படிக்கத் தொடங்குகிறவர்கள் முதல் இரண்டு பெயர்த் திரிபுகளையும் (வேற்றுமை ஏற்கும் விதத்தை வைத்துப் பெயர்ச்சொற்களைப் பிரிக்கும் வகைகள், ஆங்கிலத்தில் declension) ஓரளவு சுலபமாகத் தாண்டிவிடுகிறார்கள், ஏனென்றால் லொகொஸ் (சொல்) என்று ஒன்றைக் கற்றால் லொகூ, லொகொன் என்று அதே தடத்தில் நூற்றுக்கணக்கான சொற்கள் ஓடும். மூன்றாம் திரிபில் கால் வைத்ததும்தான் சிக்கல். பெண் என்றால் குனே என்று மனப்பாடம் செய்து வைத்திருப்பீர்கள், வாசகத்தில் குனைக்கொஸ் என்று வந்து நிற்கும். தண்ணீர் ஹுதோர், ஆனால் தண்ணீரின் என்பது ஹுதத்தொஸ். பாடநூலின் பின்பக்கத்தில் இவற்றையெல்லாம் 'ஒழுங்கற்றவை' என்று ஒரு பட்டியலில் போட்டுவிடுகிறார்கள், நாமும் ஒவ்வொரு சொல்லையும் தனித்தனி விபத்தாக நினைத்து உருப்போடுகிறோம். நான் ஒரு வருடம் அப்படித்தான் படித்தேன், அந்த வருடத்தில் கற்றதில் பாதி நிற்கவில்லை.

பிறகுதான் புரிந்தது: பெரும்பாலான சொற்களில் சேதமானது எழுவாய் வடிவம் மட்டுமே. ஆறாம் வேற்றுமையிலிருந்து பார்த்தால் சொல் முழுசாக இருக்கிறது. நாம்தான் உடைந்த துண்டைக் கையில் வைத்துக்கொண்டு மீதியை ஊகிக்கப் பார்க்கிறோம்.

தொடங்கும் முன் இரண்டு விஷயம். மூன்றாம் திரிபு வேறு, மூன்றாம் வேற்றுமை வேறு. இங்கே எண் போட்டு 'வேற்றுமை' என்று சொன்னால் நம் இலக்கணத்தில் உள்ள பொருள்தான் (இரண்டு செயப்படுபொருள், நான்கு 'கு', ஆறு உடைமை). அப்புறம் எழுத்து. எ-ஏ, ஒ-ஓ என்று நாம் குறில் நெடில் பிரித்து எழுதுவது கிரேக்கத்துக்கு மிகவும் தோதானது, எப்சிலான்-ஈட்டா, ஒமிக்ரான்-ஒமேகா வேறுபாடும் அதுவேதான். சொல்லின் நடுவே உயிர்களுக்கு இடையில் ஒற்றையாக த, க, ப வந்தால் டெல்டா, காமா, பீட்டா என்றும், இரட்டித்து வந்தால் தௌ, காப்பா, பை என்றும் படியுங்கள். மூச்சோடு வரும் தீட்டாவை 'த்ஹ' என்றும் க்ஹி எழுத்தை 'க்ஹ' என்றும் எழுதுகிறேன். இரண்டு உயிர்கள் அடுத்தடுத்து நிற்கும் இடத்தில் சிறு கோடு போடுகிறேன், கிரேக்கம் அங்கே உடம்படுமெய் போடாது.

எந்தக் கோளாறாக இருந்தாலும் முதலில் செய்ய வேண்டியது

அகராதியில் எழுவாய்க்குப் பக்கத்தில் ஆறாம் வேற்றுமை வடிவம் கொடுத்திருப்பார்கள். அதில் கடைசியில் உள்ள 'ஒஸ்' என்பதை நீக்குங்கள். மிஞ்சுவதுதான் அடி. குனைக்கொஸ் என்றால் அடி குனைக், பைதொஸ் (குழந்தையின்) என்றால் அடி பைத். இந்த அடியோடு நான்காம் வேற்றுமைக்கு 'இ', இரண்டாம் வேற்றுமைக்கு 'அ', பன்மை எழுவாய்க்கு 'எஸ்' என்று சேர்த்துக்கொண்டே போகலாம்: குனைக்கி, குனைக்க, குனைக்கெஸ். நமக்கு இது புதிதே அல்ல. மரம் என்று சொல்கிறோம், ஆனால் மரத்தை, மரத்துக்கு, மரத்தின். வெளியிலிருந்து தமிழ் கற்கிறவருக்கு அந்த 'அத்து' எங்கிருந்து வந்தது என்று புரியாது, நாம் யோசிப்பதுகூட இல்லை. ஆகவே சொல்லட்டை எழுதும்போது எழுவாயை மட்டும் எழுதாதீர்கள், இரண்டு வடிவத்தையும் ஒரே மூச்சில் சொல்லிப் பழகுங்கள்: குனே குனைக்கொஸ், ஹுதோர் ஹுதத்தொஸ்.

அறிகுறி: எழுவாயில் ஒரு மெய், மற்ற வேற்றுமைகளில் வேறொரு மெய்

காவலாளி என்பதற்கு ஃபுலக்ஸ், ஆறாம் வேற்றுமை ஃபுலக்கொஸ். நரம்பு ஃப்லெப்ஸ், ஃப்லெபொஸ். நம்பிக்கை எல்பிஸ், எல்பிதொஸ். சிங்கம் லெ-ஓன், லெ-ஒந்தொஸ். மனிதன், ஆண் அனேர், அந்த்ரொஸ்.

பள்ளியில் விகாரப் புணர்ச்சி படித்தோமே, தோன்றல், திரிதல், கெடுதல் என்று, அதை அப்படியே இங்கே எடுத்து வையுங்கள், வேலை முடிந்தது. எழுவாயில் பெரும்பாலும் ஒரு 'ஸ்' வந்து அடியோடு மோதுகிறது. க வகை ஒலியோடு சேர்ந்தால் க்ஸ், ப வகையோடு சேர்ந்தால் ப்ஸ்; பீட்டாவும் அந்த மோதலில் வல்லொலியாகிறது, அது திரிதல். த வகை ஒலி 'ஸ்' முன்னால் நிற்கவே நிற்காது, விழுந்துவிடும், எல்பித்+ஸ் என்பது எல்பிஸ் ஆவது கெடுதல். அனேர் என்பதில் நடப்பது தோன்றல்: அடியில் உயிர் குறைந்து னகரமும் ரகரமும் நேருக்கு நேர் மோதின, இடையில் ஒரு தகரம் (டெல்டா) தானாகப் பிறந்து அந்த்ரொஸ் ஆனது. சிங்கம் மட்டும் 'ஸ்' எடுக்காமல் வேறு வழியில் போகிறது: லெ-ஒந்த் என்ற அடியின் கடைசித் தகரம் விழுந்து, மிஞ்சிய உயிர் நீண்டு லெ-ஓன். ஆனால் பல் என்பதற்கும் இதே மாதிரி அடிதான், ஒதொந்த், அது 'ஸ்' எடுத்து ஒதூஸ் ஆகிறது. எழுவாயை வைத்து ஊகிக்க வேண்டாம் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வதற்கு இந்த இரண்டு சொற்களே போதும்.

இங்கே இன்னொரு விதியும் தெரிந்திருக்க வேண்டும். கிரேக்கச் சொல் உயிரிலோ, ன், ர், ஸ் (க்ஸ், ப்ஸ் உட்பட) ஆகியவற்றிலோதான் முடியும், எக், ஊக் போன்ற ஒட்டுச்சொற்கள் சில நீங்கலாக. தமிழிலும் சொல் வல்லின மெய்யில் முடியாது, நாம் ஓர் உகரம் சேர்த்துச் சமாளிக்கிறோம், பேங்க் என்பது பேங்கு ஆகும். கிரேக்கம் சேர்ப்பதில்லை, வெட்டிவிடுகிறது. பால் என்பதன் அடி கலக்த், கடைசி இரண்டு மெய்யும் போய் எழுவாய் வெறும் கல. புதிய ஏற்பாட்டின் கிரேக்க மூலத்தில், எபிரெயர் 5:12-இல் பால் தேவைப்படுகிறவர்களானீர்கள் என்ற இடத்தில் கலக்தொஸ் என்று முழுசாக வரும். உடல் ஸோமத், எழுவாய் ஸோம. விளியிலும் இதே வெட்டுதான். பைத் என்ற அடி 'குழந்தாய்' என்று கூப்பிடும்போது பை, குனைக் என்பது குனை. யோவான் 2:4-இல் இயேசு தாயை விளிக்கும் சொல் இந்தக் குனைதான். குனே என்ற எழுவாயைக் கொண்டு அந்த விளியைப் புரிந்துகொள்ளவே முடியாது, அடியைக் கொண்டு பார்த்தால் ஒரு நொடி வேலை.

அடியை நினைவில் வைக்க ஒரு குறுக்குவழி. கூட்டுச்சொற்கள் பெரும்பாலும் அடியிலிருந்துதான் பிறக்கின்றன, அவற்றில் பல ஏற்கெனவே நம் வாயில் இருக்கின்றன. ஆண்ட்ராய்டு என்பதில் இருப்பது அந்த்ர், போட்டோ என்பதில் இருப்பது ஒளி (ஃபோஸ், ஃபோத்தொஸ்), கைனக்காலஜி குனைக், ஹெப்படைட்டிஸ் ஈரல் (ஹேப்பர், ஹேப்பத்தொஸ்), டிரைபாட் கால் (பூஸ், பொதொஸ்). ஆனால் ஹைட்ரஜன் உதவாது, அது ஹுதோர் என்பதன் ரகர வடிவத்திலிருந்து வந்தது, ஏன் என்று கீழே வருகிறது.

அறிகுறி: 'ஸி' என்று முடியும் ஒரு சொல், அகராதியில் எதோடும் பொருந்தவில்லை

இதுதான் அதிகம் பேரை வீழ்த்தும் இடம். நான்காம் வேற்றுமைப் பன்மையின் விகுதி 'ஸி', அடுத்த சொல்லைப் பொறுத்துக் கடைசியில் ஒரு னகரமும் ஒட்டும். எழுவாயில் 'ஸ்' செய்த அதே சேதத்தை இந்த 'ஸி'யும் செய்கிறது, சில நேரம் அதைவிட அதிகமாக.

லெ-ஊஸி என்ற சொல்லை வைத்துக்கொண்டு ஒரு மாலை முழுக்க வினைச்சொல் அட்டவணைகளைப் புரட்டியிருக்கிறேன். லு-ஊஸி என்றால் 'அவிழ்க்கிறார்கள்', அப்படியானால் லெ-ஊஸியும் ஏதோ செய்கிறார்கள் என்றுதானே தோன்றும்? அது 'சிங்கங்களுக்கு'. லெ-ஒந்த்+ஸி, நகரமும் தகரமும் சேர்ந்து விழுந்தன, விழுந்ததற்கு ஈடாக முன்னால் இருந்த ஒகரம் ஊகாரமாக நீண்டது. இரண்டு மெய் ஒன்றாகப் போனால் உயிர் நீளும், ஒன்று போனால் பெரும்பாலும் நீளாது: தைமொன் (தெய்வ ஆவி) என்ற அடியில் னகரம் மட்டும் விழும், தைமொஸி.

சரி, எப்படிக் கண்டுபிடிப்பது? 'ஸி'யை உரித்துவிட்டு, அதற்கு முன்னால் என்ன நிற்கிறது என்று பாருங்கள். க்ஸி என்றால் க வகை அடி. ஊஸி என்றால் 'ஒந்த்' அடி என்று முதலில் சந்தேகியுங்கள், பக்கத்தில் 'தொய்ஸ்' என்ற ஆர்ட்டிகிள் இருந்தால் சந்தேகமே வேண்டாம், அது வினை அல்ல. எவ்ஸி என்றால் அரசன் (பஸிலெவ்ஸ்) வகை, அது கீழே வருகிறது. வெறும் உயிர்+ஸி என்றால் ஏதோ ஒரு த வகை ஒலி அல்லது னகரம் விழுந்திருக்கிறது: பொஸி கால்களுக்கு, பைஸி குழந்தைகளுக்கு, ஓஸி காதுகளுக்கு (எழுவாய் ஊஸ், ஆறாம் வேற்றுமை ஓத்தொஸ்), குஸி நாய்களுக்கு (கு-ஓன், குனொஸ்). கை என்பது க்ஹெய்ர், ஆனால் பன்மையில் க்ஹெர்ஸி என்று உயிர் குறுகும். சாட்சி மர்துஸ், மர்துரொஸ், ஆனால் மர்துஸி. இந்த இரண்டையும் அப்படியே மனதில் வைத்துக்கொள்ளுங்கள், விதி தேடி அலைய வேண்டாம்.

தந்தை வகை தனி. பத்தேர், பத்ரொஸ், பன்மையில் பத்ரஸி. அந்த 'ர' எங்கிருந்து வந்தது? கிருஷ்ணன் என்று எழுதும்போது வடமொழியில் ஓர் உயிராகவே இருக்கும் அந்த 'ரு' ஒலி கிரேக்கத்தின் மூதாதை மொழியிலும் இருந்தது, கிரேக்கத்தில் அது பல இடங்களில் 'ர' ஆனது. வடமொழியில் பித்ருஷு, கிரேக்கத்தில் பத்ரஸி, ஒன்றின் மேல் ஒன்றை வைத்தால் பொருந்தும். அந்த்ரஸியும் இப்படியே. இந்தச் சொற்களின் விளியையும் கையோடு பார்த்துவிடுங்கள்: மத்தேயு 6:9-இல் 'எங்கள் பிதாவே' என்பது பத்தெர் ஹேமோன். பத்தேர் எழுவாய், பத்தெர் விளி. ஒரு நெடில் குறிலானது, அவ்வளவுதான். ஆங்கில எழுத்தில் எழுதிப் படிக்கிறவர்கள் இந்த வித்தியாசத்தைக் கவனிக்காமலே போய்விடுகிறார்கள்.

அறிகுறி: சொல்லின் முதல் எழுத்தே மாறிவிட்டது

ஒரே ஒரு சொல்லில்தான் இது உங்களைத் தொல்லைப்படுத்தும், ஆனால் அது அடிக்கடி வரும் சொல்: தலைமுடி. எழுவாய் த்ஹ்ரிக்ஸ், ஆறாம் வேற்றுமை த்ரிக்ஹொஸ். தீட்டாவில் தேடினால் ஒன்று, தௌவில் தேடினால் இன்னொன்று. அடி உண்மையில் த்ஹ்ரிக்ஹ், இரண்டு பக்கமும் மூச்சொலி. அடுத்தடுத்த அசைகளில் இரண்டு மூச்சொலிகள் வந்தால் முதலாவது தன் மூச்சை இழக்கும், ஆகவே த்ரிக்ஹொஸ். ஆனால் 'ஸ்' வந்து க்ஹ என்பதைக் க்ஸ் ஆக்கிவிட்டால் பின்னால் மூச்சொலி இல்லை, முன்னால் இருப்பது தன் மூச்சைத் திரும்பப் பெறுகிறது. இந்த விதியை 1863-இல் எடுத்துச் சொன்னவர் ஹெர்மன் கிராஸ்மன், தொழிலால் கணித ஆசிரியர், ரிக்வேதத்துக்கு அகராதி தொகுத்தவர், வடமொழியிலும் இதே மாதிரி நடப்பதைச் சேர்த்துப் பார்த்தவர். எனக்கு இந்த மனிதர் மேல் தனி மரியாதை உண்டு.

யோவான் 12:3-ஐ எடுத்துப் பாருங்கள், மரியாள் இயேசுவின் பாதங்களைத் தன் தலைமுடியால் துடைக்கும் இடம். அங்கே தைஸ் த்ஹ்ரிக்ஸின் என்று இருக்கும். கடைசி னகரத்தைக் கழற்றுங்கள், த்ஹ்ரிக்ஸி. 'ஸி'யை உரியுங்கள், க வகை அடி. முன்னால் மூச்சொலி இருக்கிறது, ஆகவே விழுந்துபோன மெய் க்ஹ என்று தேறுகிறது. அதே வாக்கியத்தில் பாதங்களை என்பதற்குப் பொதஸ், பொத் என்ற அடியின் இரண்டாம் வேற்றுமைப் பன்மை, எந்தச் சேதமும் இல்லாமல்.

அறிகுறி: இரண்டாம் வேற்றுமையில் 'அ' வருமா, 'ன்' வருமா என்று தெரியவில்லை

ஹோமர் பெயரில் வழங்கும் கிரேக்கத்தின் இரண்டு பெருங்காப்பியங்களும் மூன்றாம் திரிபுச் சொல் ஒன்றின் இரண்டாம் வேற்றுமையில்தான் தொடங்குகின்றன. இலியட்டின் முதல் சொல் மேனின், 'சினத்தை'. ஒடிசியின் முதல் சொல் அந்த்ர, 'மனிதனை'. ஒன்றில் ன், மற்றதில் அ. இரண்டும் ஒரே விகுதி என்றால் நம்புவீர்களா? பழைய விகுதி ஒரு மகரமெய். உயிருக்குப் பின்னால் வந்தபோது அது ன் ஆனது, மெய்க்குப் பின்னால் தாங்க உயிர் இல்லாமல் நின்றபோது அதுவே 'அ' ஆகிவிட்டது. அடி உயிரில் முடிகிறதா மெய்யில் முடிகிறதா என்று பார்த்தால் போதும்.

விதிவிலக்கு ஒன்று. க்ஹரிஸ் (அருள், நன்றி) என்பதன் அடி க்ஹரித், மெய்யில் முடிகிறது, அப்படியானால் க்ஹரித்த என்று வர வேண்டும், ஆனால் ஆதென்ஸ் உரைநடையில் க்ஹரின் என்றே வரும். பறவை (ஒர்னிஸ், ஒர்னித்ஹொஸ்) அப்படியே ஒர்னின். எழுவாயின் கடைசி அசையில் தொனி (ஓர் அசையை மட்டும் உயர்த்தி ஒலிப்பது) விழாத 'இஸ்' சொற்கள் இப்படி உயிரடி போல நடந்துகொள்கின்றன. எல்பிஸ் என்பதில் தொனி கடைசியில் விழுவதால் அது ஒழுங்காக எல்பித என்றே வரும். பிற்காலக் கிரேக்கத்தில் இந்தப் பழக்கம் தளர்ந்ததை அப்போஸ்தலர் நடபடிகளிலேயே பார்க்கலாம். இன்றைய ஆய்வுப் பதிப்புகளில் 24:27-இல் பேலிக்ஸ் யூதர்களின் தயவைப் பெற விரும்பியபோது க்ஹரித்த, 25:9-இல் பெஸ்து அதையே விரும்பியபோது க்ஹரின். வினைச்சொல்கூட ஒன்றுதான். ஆகவே க்ஹரித்த என்று பார்த்தால் பிழை என்று திருத்திவிடாதீர்கள்.

அறிகுறி: எழுவாயில் ரகரம், மற்ற இடங்களில் தகரம்

ஹுதோர் ஹுதத்தொஸ், ஹேப்பர் ஹேப்பத்தொஸ், கிணறு ஃப்ரெ-அர் ஃப்ரெ-அத்தொஸ். இங்கே எந்தப் புணர்ச்சி விதியும் உதவாது, ரகரம் தகரமாக மாறவில்லை, தொடக்கத்திலிருந்தே இவற்றுக்கு இரண்டு அடிகள். ஒன்று ரகரத்தில், மற்றது னகரத்தில். வடமொழியில் ஈரல் எழுவாயில் யக்ருத், ஆறாம் வேற்றுமையில் யக்னஸ். அந்த ர-ன மாற்றத்தை இன்னும் துல்லியமாகக் காட்டுவது துருக்கி நாட்டு மண்ணில் கிடைத்த களிமண் பலகைகளின் ஹிட்டைட் மொழி. அதில் தண்ணீர் வாதர், தண்ணீரின் என்பது விதெனஸ். 1915-இல் பெத்ரிச் ஹ்ரொஸ்னீ அந்த மொழியை இந்தோ-ஐரோப்பியக் குடும்பத்தில் சேர்த்ததற்கு அந்த வாதர் வரும் வாக்கியமும் ஒரு முக்கியத் துப்பு. கிரேக்கத்தில் அந்த னகரம் உயிரின்றி நின்று, மேலே மகரத்துக்கு நடந்ததைப் போலவே 'அ' ஆனது, பிறகு ஒரு தகரம் சேர்ந்துகொண்டது. ஸோமத்தொஸ் என்பதில் உள்ள 'அத்' கூட இதே வழியில் வந்ததுதான். முழங்கால் (கொனு, கொனத்தொஸ்), ஈட்டி (தொரு, தொரத்தொஸ்) இரண்டிலும் எழுவாயில் உகரம் என்றாலும் மற்ற வேற்றுமைகளில் அதே 'அத்' வந்து ஒட்டிக்கொண்டது. ஆக நடுப்பாலில் (ஆண்பாலும் பெண்பாலும் அல்லாத மூன்றாவது பால்) அடி தெரியாமல் திணறினால் 'அத்' என்று முயன்று பாருங்கள், பல நேரம் சரியாக இருக்கும்.

அறிகுறி: உயிர்கள் மோதிக்கொண்டு நிற்கின்றன, நீளம் மாறி மாறி வருகிறது

கப்பல், மாடு, அரசன், நகரம். இவற்றில் கப்பல்தான் மோசம்: நௌஸ், நெ-ஓஸ், நே-இ, நௌன், பன்மையில் நே-எஸ், நெ-ஓன், நௌஸி, நௌஸ். பெலொப்பொனேசியப் போர் வரலாற்றைப் படிக்கிறவர்களுக்கு இது பக்கத்துக்குப் பக்கம் வரும், ஆகவே தள்ளிப்போட முடியாது.

நோய் ஒன்றுதான்: ஒரு வகரம் தொலைந்துபோனது. கிரேக்கத்தில் டிகம்மா என்று ஓர் எழுத்து இருந்தது, ஒலி நம் வகரத்துக்கு நெருக்கம், ஆதென்ஸ் பேச்சில் அது மறைந்துவிட்டது. அடி நௌ என்பதில் உள்ள அந்த உகரம், மெய்யெழுத்து முன்னால் வரும்போது நௌஸ், நௌன், நௌஸி என்று பிழைத்துக்கொண்டது. உயிர் முன்னால் வரும்போது வகரமாகி, பிறகு காணாமல் போனது. நேவொஸ் என்று இருந்தது ஹோமரில் நே-ஒஸ். ஆதென்ஸில் அடுத்தடுத்து நின்ற நெடிலும் குறிலும் தங்கள் நீளத்தை மாற்றிக்கொண்டன: நே-ஒஸ் என்பது நெ-ஓஸ். தமிழ் எழுத்தில் இதைப் பார்க்கும்போதே கண்ணுக்குத் தெரிகிறது, ஏ-ஒ என்பது எ-ஓ. அரசனும் அப்படியே, பஸிலெவ்ஸ், ஹோமரில் பஸிலே-ஒஸ், ஆதென்ஸில் பஸிலெ-ஓஸ். நகரத்தில் (பொலிஸ்) தொலைந்தது வகரம் அல்ல, ஆனால் முடிவு ஒன்றுதான்: பொலே-ஒஸ், பொலெ-ஓஸ். அதன் தொனி கடைசியிலிருந்து மூன்றாம் அசையில் நிற்பதைப் பார்த்து, கடைசி உயிர் நெடிலாக இருக்கும்போது அப்படி நிற்கக் கூடாதே என்று குழம்ப வேண்டாம், நீளம் இடம் மாறும் முன்பே தொனி அங்கே உட்கார்ந்துவிட்டது. மாடு என்பதில் குறிலே இருந்ததால் இடமாற்றம் நடக்கவில்லை, பூஸ், பொ-ஒஸ், பூன். (தமிழில் எழுதும்போது காலும் மாடும் ஒரே மாதிரி பூஸ் என்று தெரிகின்றன, கிரேக்கத்தில் கால் பையில் தொடங்கும், மாடு பீட்டாவில்.)

கப்பலில் இன்னொரு பொறி இருக்கிறது. நெ-ஓஸ் என்றால் கப்பலின், சரி. ஆனால் ஆதென்ஸ்காரர்கள் கோயிலையும் நெ-ஓஸ் என்றே சொன்னார்கள், அது ஆண்பால், இரண்டாம் திரிபில் ஒரு கிளை, அங்கே இதுதான் எழுவாய். முன்னால் இருக்கும் ஆர்ட்டிகிளைப் பாருங்கள்: தேஸ் நெ-ஓஸ் கப்பலின், ஹொ நெ-ஓஸ் கோயில்.

அறிகுறி: வேறு திரிபைப் போல வேடம் போடுகிறது

'ஒஸ்' என்று முடிந்தால் இரண்டாம் திரிபு ஆண்பால் என்று கை தானாகப் போகும். கெனொஸ் (இனம்) அப்படி அல்ல, அது நடுப்பால், ஆறாம் வேற்றுமை கெனூஸ், பன்மை கெனே. உயிர்களுக்கு இடையில் இருந்த ஒரு ஸகரம் விழுந்து உயிர்கள் ஒன்றாகிவிட்டன. லத்தீனில் அதே சொல்லின் கெனெரிஸ் வடிவத்தில் அந்த ஸகரம் ரகரமாகத் தப்பித்திருக்கிறது. பன்மையில் கெனே என்பது முதல் திரிபுப் பெண்பால் ஒருமை போலத் தெரியும், 'த' என்ற நடுப்பால் பன்மை ஆர்ட்டிகிள்தான் காட்டிக்கொடுக்கும்.

மனிதப் பெயர்களிலும் இதே ஸகரக் கதை. ஸோக்ரத்தேஸ், அரிஸ்தொத்தெலேஸ், தேமொஸ்த்ஹெனேஸ் எல்லாம் மூன்றாம் திரிபு, ஆறாம் வேற்றுமை ஸோக்ரத்தூஸ் என்று ஸகரத்தோடு முடியும். எவ்ரிப்பிதேஸ் மாதிரி 'இதேஸ்' என்று முடியும் தந்தைவழிப் பெயர்கள் முதல் திரிபு, ஆறாம் வேற்றுமை எவ்ரிப்பிதூ, ஸகரம் இல்லை. கிரேக்கர்களே இரண்டையும் குழப்பிக்கொண்டார்கள், ஸோக்ரத்தே என்று வர வேண்டிய இரண்டாம் வேற்றுமைக்குப் பக்கத்திலேயே ஸோக்ரத்தேன் என்றும் எழுதினார்கள்.

நெருப்பு (பூர், புரொஸ்) ஒருமையில் மூன்றாம் திரிபு, காவல் தீக்கள் என்ற பொருளில் பன்மை வந்தால் இரண்டாம் திரிபுக்குத் தாவி புர, புரொய்ஸ் என்று ஆகும். மகன் என்ற சொல் இரண்டாம் திரிபிலும் வரும், மூன்றாம் திரிபிலும் வரும், ஆதென்ஸ் எழுத்தாளர்கள் இரண்டையும் பயன்படுத்தினார்கள். இதற்கு மேல் இந்த இரண்டிலும் நேரம் செலவழிக்காதீர்கள்.

அறிகுறி: வடிவம் சரி, தொனிக்குறி மட்டும் தப்பு என்கிறார்கள்

ஓரசைச் சொற்களில் ஆறாம், நான்காம் வேற்றுமைகளில் தொனி விகுதிக்கு நகரும்: பொதொஸ், பொதி, பொதோன், பொஸி, எல்லாவற்றிலும் கடைசி அசையில். குனேவும் கு-ஓனும் ஓரசை இல்லை என்றாலும் இப்படியே நடக்கும். ஆறாம் வேற்றுமைப் பன்மையில் மட்டும் குழந்தைகளின் (பைதோன்), காதுகளின் (ஓத்தோன்), விளக்குகளின் (ஃபோத்தோன்), திராய்க்காரர்களின் (த்ரோ-ஓன்) என்ற சொற்களும் இன்னும் ஒரு சிலவும் தொனியை முதலசையிலேயே வைத்துக்கொள்ளும்.

அறிகுறி: எழுவாய்க்கும் மற்றதற்கும் ஓரெழுத்துகூட ஒத்துப்போகவில்லை

ஜெவ்ஸ், தி-ஒஸ், தி-இ, தி-அ, விளி ஜெவ். கிரேக்கர்களின் தலைமைக் கடவுளின் பெயர் இது. தி-அ என்று வாசகத்தில் பார்த்துவிட்டு, டெல்டாவில் தேடி, 'வழியாக' என்று பொருள்படும் முன்னிடைச்சொல்லில் போய் விழாதவர்கள் குறைவு. பிளேட்டோவின் கிராத்திலொஸ் உரையாடலில் சாக்ரடீஸே இந்தப் பெயர் இரண்டு துண்டாகக் கிடப்பதாகச் சொல்லி, ஜேன என்ற வடிவத்தை 'வாழ்தல்' என்பதோடும் தி-அ என்பதை 'வழியாக' என்பதோடும் சேர்த்து, எவர் வழியாக எல்லா உயிர்களுக்கும் வாழ்வு வருகிறதோ அவர் என்று விளக்கம் சொல்கிறார்.

உண்மையில் கப்பலுக்கு வந்த அதே நோய்தான். பழைய பெயர் த்யெவ்ஸ், வடமொழியில் த்யௌஸ், வானம். தொடக்கத்தில் இருந்த 'த்ய' கிரேக்கத்தில் ஜீட்டா ஒலியானது, அது ஜெவ்ஸ். உயிர் முன்னால் வரும்போது அடி திவ் என்று சுருங்கியது, வடமொழியில் ஆறாம் வேற்றுமை திவஸ், கிரேக்கத்தில் திவொஸ் என்று இருந்து வகரம் விழுந்து தி-ஒஸ். அந்த வகரம் வெறும் ஊகம் அல்ல. மைக்கேல் வென்ட்ரிஸ் 1952-இல் லீனியர் பி என்ற மிகப் பழைய கிரேக்க எழுத்துமுறையைப் படித்த பிறகு, பைலொஸ் அரண்மனையில் ஏறக்குறைய கி.மு. 1200-இல் எழுதப்பட்ட களிமண் பலகை ஒன்றில், காணிக்கை பெறும் தெய்வங்களின் வரிசையில் தி-வெ என்று வகரத்தோடு எழுதியிருப்பது தெரிந்தது: ஜெவ்ஸுக்கு.

ஆகவே தி-ஒஸ், தி-இ, தி-அ எது வந்தாலும் இடையில் ஒரு வகரத்தைப் போட்டுப் பார்த்துவிட்டு, அகராதியை ஜீட்டாவில் திறவுங்கள். ஹோமரிலும் நாடகங்களிலும் ஜேனொஸ், ஜேனி, ஜேன என்று வந்தாலும் அதே பக்கம்தான்.